வெதுவெதுப்பைக் கேட்கும் காதுகள்

புதிய வால்வு ஆம்ப் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து, எலெக்ட்ரிக் கிட்டாரைச் செருகி, அரை மணி நேரம் வாசித்த கையோடு எழுதப்படும் ‘முதல் அனுபவக் குறிப்பு’ இன்று தனியொரு எழுத்து வகையாகவே வளர்ந்துவிட்டது. அதன் இலக்கணம் இறுக்கமானது. ஓசை ‘வெதுவெதுப்பாக’ இருக்கும், ‘க்ரீமி’யாக இருக்கும், டிரான்சிஸ்டர் ஆம்ப் ‘உயிரற்றது’ என்றொரு வரி தவறாமல் இடம்பெறும். கருவி மாறும், அறை மாறும், வாசிப்பவர் மாறுவார். சொற்கள் மட்டும் மாறுவதில்லை. ஒரே சொல் எல்லாக் கருவிகளுக்கும் பொருந்துமானால் அது எந்தக் கருவியையும் விவரிக்கவில்லை என்பது மொழியியலின் முதலாண்டுப் பாடம். இருந்தும் ஒலிப் பண்பாட்டாய்வு என்ற பெயரில் இத்தகைய குறிப்புகளைக் கேட்டல் அனுபவத்தின் நேரடித் தரவாக எடுத்தாளும் போக்கு பரவிவருகிறது. இக்குறிப்புகள் சொற்பழக்கத்துக்கு நல்ல சான்று; செவிக்கு மிக மோசமான சான்று.

மட்டாஞ்சேரியை வைத்து இதைப் பார்க்கலாம். மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது, தமிழ் என்று பல மொழிகள் சில தெருக்களுக்குள் புழங்கும் இடம் அது. உம்பாயியின் கஸல் வளர்ந்த மண். அதை உள்ளடக்கிய கொச்சி நகரமோ ‘13 ஏடி’, ‘மதர்ஜேன்’ ஆகிய ராக் குழுக்களின் ஊர். 13 ஏடியின் ‘கிரவுண்ட் ஜீரோ’ 1990-இல் வெளிவந்தது. மதர்ஜேனின் ‘மக்தூப்’ 2008-இல். பின்னதில் பைஜு தர்மஜன் எலெக்ட்ரிக் கிட்டாரின் தந்திகளில் கர்நாடக இசையின் கமகங்களை இழைத்து வாசித்தார். ஹார்மோனியத்தையும் தபலாவையும் கேட்டுப் பழகிய, மின்கிட்டாரைத் தன் வழிக்குத் திருப்பிக்கொண்ட ஓர் ஊரின் செவி, புதிய ஆம்ப் முன்னால் உட்கார்ந்தவுடன் எங்கோ அச்சான விளம்பரத்தாளின் பெயரடைகளை மட்டுமே கேட்கிறது என்றால் அது ஆராய வேண்டிய செய்தி.

அந்த முதல் மாலையில் உண்மையில் என்ன நிகழ்கிறது? பஜார் சாலையில் பழைய சரக்குக் கிடங்கு ஒன்றின் மாடி அறை என்று வைத்துக்கொள்வோம். மேலே ஓட்டுக்கூரை, சுற்றிலும் சுண்ணாம்புச் சுவர், கீழே குடியிருப்பு. பதினைந்து வாட் வால்வு ஆம்பே அந்த அறைக்குப் பெரும் சத்தம். எனவே ஒலியளவைத் திருகிக் குறைத்தே வாசிக்க முடியும். அந்த அளவில் வெளியீட்டு வால்வுகள் தம் எல்லையை நெருங்குவதே இல்லை. எந்தக் குணத்துக்காக அந்த ஆம்ப் வாங்கப்பட்டதோ அது அன்று மாலை பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருக்கிறது. கேட்பது முன்நிலைச் சுற்றையும் ஸ்பீக்கரையும் அறையையும்தான். புது ஸ்பீக்கரின் கூம்போ இன்னும் விறைப்பாக இருக்கிறது. பொறுக்க முடியாமல் ஒலியைக் கூட்டினால் உடனே ஓசை ‘நிறைந்து’விடுகிறது, இதன் காரணத்தை ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஒலி உரக்க உரக்க, கீழ்ச்சுரங்களுக்குக் காது கொடுக்கும் பங்கு கூடுகிறது. அந்த நிறைவு மனிதச் செவியின் இயல்பு. குறிப்பில் அது ஆம்பின் பெருமையாகப் பதிவாகிவிடுகிறது.

இதில் கண்ணின் பங்கும் சிறிதல்ல. வால்வின் இழை சூடேறிச் செம்மஞ்சளாக ஒளிர்வதைப் பார்த்துக்கொண்டே எழுதுபவர் ‘வெதுவெதுப்பு’ என்கிறார். ஒளியையும் வெப்பத்தையும் சொல்லும் சொல் ஓசைக்குத் தாவுவது உருவகத்தின் இயல்புதான். அதைச் செவியின் கண்டுபிடிப்பாக விற்பதுதான் சிக்கல். 2010-இல் இண்டியானாபொலிஸ் நகரில் கிளாடியா ஃப்ரிட்ஸ் குழுவினர் 21 வயலின் கலைஞர்களுக்குக் கண்ணை மறைக்கும் கண்ணாடி அணிவித்து, பழைய இத்தாலிய வயலின்கள் மூன்றையும் புதியவை மூன்றையும் வாசிக்கக் கொடுத்தனர். பெரும்பாலோர் தமக்கு மிகப் பிடித்ததாகத் தேர்ந்தது புதிய வயலினை. மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. வாழ்நாளையே வயலினோடு கழித்தவர்களின் செவிக்கே இந்த நிலை என்றால், நேற்று வந்த பெட்டியைப் பற்றிய இன்றைய தீர்ப்புக்கு என்ன மதிப்பு?

இவ்வளவும் சொன்னவுடன் பொறியியல் தரப்பிலிருந்து, “எல்லாம் மனமயக்கம்தான்” என்றொரு குரல் எழும். அதுவும் சோம்பல்தான். வேறுபாடு உண்டு. எல்லையை மீறி ஓட்டும்போது வால்வுச் சுற்று அலையின் முகட்டைப் பெரும்பாலும் மெல்ல வளைக்கிறது. டிரான்சிஸ்டர் சுற்று அதைச் சட்டென்று நறுக்குகிறது. ரஸ்ஸல் ஹாம் 1973-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, இப்படி ஓட்டும்போது தோன்றும் மேற்சுரங்களின் அமைப்பையே விவாதித்தது. அதிலிருந்து ‘வால்வு என்றால் இரட்டைப்படை மேற்சுரம், அதனால் இனிமை’ என்ற சூத்திரத்தை மட்டும் உருவியெடுத்து ஒப்பிக்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1962-இல் லண்டனில் ஃபெண்டர் பாஸ்மேனைப் பின்பற்றி உருவான மார்ஷல் ஜேடிஎம்45 உட்பட, பெயர்பெற்ற ஆம்ப்கள் பலவற்றின் வெளியீட்டு நிலை புஷ்-புல் வகை. அந்நிலையில் பிறக்கும் இரட்டைப்படை மேற்சுரங்கள் ஒன்றையொன்று பெரிதும் அழித்துக்கொள்கின்றன. சூத்திரம் அங்கேயே ஆட்டம் காண்கிறது.

ரெக்டிஃபயர் வால்வு உள்ள ஆம்ப்களில் இன்னொன்று நிகழும். தந்தியை ஓங்கி மீட்டினால் மின்னழுத்தம் ஒரு கணம் தளர்ந்து மீள்கிறது. சுரம் சற்றே அமுங்கிப் பிறகு எழுகிறது. இதற்கு ‘வெதுவெதுப்பு’ என்ற சொல் எதையும் செய்யாது. சுரம் நின்று நீடிப்பதைக் கார்வை என்று சொல்லத் தெரிந்த மொழி, இந்தக் கார்வை எப்படி வளைகிறது என்றும் சொல்லும். தம்புராவின் குதிரை மேல் தந்திக்கு அடியில் ஒரு நூலைச் செருகி நகர்த்தினால் ஓசை ரீங்கரித்து விரியும். மேற்சுரங்களை வேண்டுமென்றே கிளப்பும் அந்த நூலுக்கு ஜீவா என்று பெயர். தூய்மையான ஓசையைக் கொஞ்சம் ‘கெடுத்து’ உயிரூட்டும் கலையைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான சொல் வேறெங்கே கிடைக்கும்? கம்மல், கரகரப்பு, கணீர், குழைவு என்று குரலைப் பகுத்தறியும் சொற்கள் அன்றாடப் பேச்சிலேயே கிடக்கின்றன. தமிழில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். குரல் அப்படி இருந்ததாக எந்தப் பாட்டியும் சொன்னதில்லை.

இது சொல்தூய்மை வாதமன்று. கலைச்சொற் குழுவினர் ஆக்கித் தந்த ‘வெற்றிடக் குழாய்’ எந்தப் பட்டறையிலும் ஏறவில்லை. ஏற வேண்டிய தேவையும் இல்லை. ‘வால்வு ரேடியோ’ என்று மக்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். வாக்ஸ் ஏசி30-இல் நான்காக அமர்ந்திருக்கும் ஈஎல்84 வகை வால்வை ஒருகாலத்தில் பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமே தயாரித்தது. தாத்தா வீட்டு வரவேற்பறையில் செய்தி வாசித்த அதே வால்வு, பேரனின் குறிப்பில் ‘ட்யூப்’ ஆகி இறக்குமதி அதிசயமாக நிற்கிறது. பிரித்தானியச் சொல் போய் அமெரிக்கச் சொல் வந்த இந்த இடப்பெயர்ச்சியில் ஒரு தலைமுறையின் செவி நினைவே துண்டிக்கப்பட்டிருக்கிறது. ஆய்வுக்குரிய தரவு இங்கேதான் இருக்கிறது.

சொல் எதுவானால் என்ன என்று கேட்போருக்கு 2013-இல் டோல்ஷைட் குழுவினர் வெளியிட்ட ஆய்வைக் காட்டலாம். டச்சு மொழியில் சுரம் உயர்ந்தது, தாழ்ந்தது. பாரசீகத்தில் மெலிந்தது, தடித்தது. திரையில் காணும் கோட்டின் உயரம் டச்சுக்காரர்களின் சுரக் கணிப்பைக் குழப்பியது; கோட்டின் தடிமன் பாரசீகர்களின் கணிப்பைக் குழப்பியது. தடிமன் உருவகத்தைச் சிறிது நேரம் பழக்கிய பிறகு டச்சுக்காரர்களும் பாரசீகர்களைப் போலவே தடுமாறினர். சொற்பழக்கம் சுரத்தைப் பற்றிய தீர்ப்பையே நகர்த்துகிறது. தமிழிலோ குரல் உயரவும் செய்யும், தடிக்கவும் செய்யும். இந்த இரட்டை வளத்தோடு கேட்கப் பழகிய மாணவர், உதவித்தொகையைச் சேர்த்து வைத்து விலையுயர்ந்த ஆம்ப் ஒன்றை வாங்கும் முன் படிப்பது யாரோ முதல் மாலையில் எழுதிய பத்து வரி. அந்தப் பத்து வரியில் ஒலியளவு எவ்வளவு, ஸ்பீக்கர் எது, அறை எத்தகையது, எந்த ஆம்போடு ஒப்பிட்டு வாசித்தார், மூன்று மாதம் கழித்தும் அதே கருத்தா என்ற ஒன்றும் இருப்பதில்லை. அந்த வரிகளைத் தரவாக ஏற்று மேற்கோள் காட்டும் ஆய்வேட்டின் நெறியாளராவது இக்கேள்விகளை வாய்மொழித் தேர்வில் கேட்கலாம்.