பண்டாரவளையில் வற்றிய கிணறுகளும் மன்னாரில் இறங்கிய துளைகளும்

பண்டாரவளை என்றதும் வடக்கு கிழக்கில் இருப்பவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பிந்துனுவெவ முகாம். 2000 ஒக்ரோபர் 25 ஆம் திகதி அங்கு கொல்லப்பட்ட தமிழ் இளைஞர்களை நாம் மறக்கவில்லை. அதே ஊரில், நிலத்துக்கு அடியில் நடந்த இன்னொரு விடயம் எமது பக்கத்தில் அதிகம் பேசப்படவில்லை. மன்னாரில் கனிய மணல் அகழ்வுக்கு எதிராக மக்கள் வீதிக்கு இறங்கியிருக்கும் இந்த நேரத்தில் அதைப் பேசியாக வேண்டும்.

உமா ஓயா பல்நோக்கு அபிவிருத்தித் திட்டத்துக்கு 2008 ஏப்ரலில் அன்றைய ஈரானிய ஜனாதிபதி அகமதிநெஜாட் நேரில் வந்து அடிக்கல் நாட்டினார். வன்னியில் யுத்தம் உக்கிரமடைந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. எவருடைய கவனமும் ஊவா மலைகளில் இருக்கவில்லை. மகாவலியின் கிளையாறான உமா ஓயாவின் நீரை புகுல்பொல, டயரபா ஆகிய இடங்களில் அணை கட்டி மறித்து, அங்கிருந்து சுமார் 15 கிலோமீற்றர் சுரங்கம் வழியாக மலையைத் துளைத்துக் கொண்டுசென்று 120 மெகாவாட் மின்சாரம் எடுப்பதும், பின்னர் அந்நீரை மொனராகலை, அம்பாந்தோட்டை வயல்களுக்குத் திருப்புவதும் திட்டம். செலவு 50 கோடி டொலருக்கும் மேல். ஈரான் மீதான தடைகளால் கடன் இடைநடுவில் நின்றுபோக, பெரும்பகுதியை இலங்கை அரசே செலுத்தியது.

சுரங்கம் தோண்டும் இயந்திரம் பாறை வெடிப்பு ஒன்றைத் தொட்டபோதுதான் பிரச்சினை தொடங்கியது. 2014 இன் இறுதியில் சுரங்கத்துக்குள் நீர் பெருக்கெடுத்தது. 2017 இல் மீண்டும் பெருக்கெடுத்தது. மலைநாட்டுப் பாறை வெளியில் இறுகித் தெரிந்தாலும் உள்ளே வெடிப்புகளால் ஆனது. அந்த வெடிப்புகளில் தேங்கிய நீர்தான் மேலே கிணறாகவும் ஊற்றாகவும் கிடைக்கிறது. கீழே ஒரு வழி திறந்துவிட்டால் நீர் அங்கே இறங்கிவிடும். நீர் வடிந்த மண் அமிழும். அதன்மேல் நின்ற சுவர் வெடிக்கும். பண்டாரவளையைச் சுற்றிய கிராமங்களில் இதுதான் நடந்தது. கிணறுகள் வற்றின, ஆயிரக்கணக்கான வீடுகளில் விரிசல் விழுந்தது. 2017 ஜூனில் கடைகளை அடைத்துவிட்டு மக்கள் பண்டாரவளை நகரை நிறைத்தார்கள். திட்டத்தை நிறுத்துவதற்கு அது பிந்திவிட்டது. 2024 ஏப்ரல் 24 ஆம் திகதி இன்னொரு ஈரானிய ஜனாதிபதியான ரைசி வந்து திறந்துவைத்தார்.

இவ்வளவு பெரிய திட்டத்தில் சாதாரண மனிதர் ஒருவருக்கு வரும் சிக்கல் மிகச் சிறியது. உங்கள் கிணறு சுரங்கத்தால் வற்றியதா, வறட்சியால் வற்றியதா என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? சுரங்கம் வருவதற்கு முன் தண்ணீர் எத்தனை அடியில் நின்றது என்பதற்கு எழுத்தில் எதுவும் இல்லை. சுவர் முன்பே வெடித்திருந்ததா என்பதற்கும் அதே கதிதான். இழந்தவரே இழப்பை நிரூபிக்க வேண்டும் என்றால், முன்னைய அளவு இல்லாதவர் தோற்றுத்தான் போவார். காணாமலாக்கப்பட்டவர்களின் உறவினருக்கு இந்த அனுபவத்தை விளக்கத் தேவையில்லை.

தோட்டத்து மக்களின் நிலை இன்னும் ஒரு படி கீழே. லயக் காம்பரா அவர்களுடையதல்ல, நிலமும் அவர்களுடையதல்ல. குடிப்பது மலை ஊற்றிலிருந்து குழாயில் வரும் பீலித் தண்ணீர். அதற்கு எந்த உறுதியும் கிடையாது. உறுதி இல்லாதவர்களையும் நியாயமாக நடத்த வேண்டும் என்று 2001 ஆம் ஆண்டின் மீள்குடியேற்றக் கொள்கை சொல்கிறது. ஆனால் அக்கொள்கை அபிவிருத்திக்காக இடம்பெயர்க்கப்படுபவர்களைப் பற்றியது. வீடு அதே இடத்தில் இருக்க, தண்ணீர் மட்டும் இடம்பெயர்ந்து போனவர்களை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

நிலைபேறான அபிவிருத்தி என்ற சொல்லை இப்போது ஒவ்வொரு சுரங்க நிறுவனமும் தன் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அச்சிடுகிறது. இலங்கையில் அதற்கு உண்மையான பொருள் கொடுத்தது எப்பாவல வழக்கு. அனுராதபுர மாவட்டத்தின் எப்பாவல பொஸ்பேற் படிவை அமெரிக்க நிறுவனமான பிறீபோட் மக்மோரானின் பங்குடன் தோண்டுவதற்கு அரசு உடன்பாடு தயாரித்தது. விவசாயிகள் சிலரும் ஒரு பிக்குவும் உயர் நீதிமன்றம் சென்றார்கள். 2000 ஜூனில் நீதியரசர் அமரசிங்க எழுதிய தீர்ப்பு அகழ்வை ஒரேயடியாகத் தடைசெய்யவில்லை. முதலில் படிவை முழுமையாக ஆராயுங்கள், முடிவுகளைப் பகிரங்கப்படுத்துங்கள், சுற்றாடல் சட்டத்தைத் தாண்டாதீர்கள், அதுவரை உடன்பாட்டைத் தொடாதீர்கள் என்றது. தோண்டுவதற்கு முன் அறிவது என்ற அந்த ஒழுங்கு, எட்டு வருடங்களுக்குள் அடிக்கல் நாட்டப்பட்ட உமா ஓயாவுக்கு எவ்வளவு பயன்பட்டது என்பதைப் பண்டாரவளைக் கிணறுகள் காட்டிவிட்டன.

மன்னாருக்கு வருவோம். தீவின் குடிநீர், மணலுக்குள் உப்புநீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படை. அதே மணலில்தான் இல்மனைட் இருக்கிறது. அவுஸ்திரேலியாவின் டைட்டானியம் சான்ட்ஸ் நிறுவனம் அங்கு ஆய்வுத் துளைகள் இட்டு கனிய இருப்பைக் கணக்கிட்டிருக்கிறது. 1992 ஆம் ஆண்டின் சுரங்கங்கள் கனியங்கள் சட்டப்படி, புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகம் முதலில் ஆய்வுக்கும் பிறகு அகழ்வுக்கும் அனுமதி தருகிறது. சுற்றாடல் பாதிப்பு மதிப்பீடும், மக்கள் கருத்துச் சொல்லும் 30 நாட்களும் பொதுவாக இரண்டாவது கட்டத்தில்தான் வருகின்றன. அதற்குள் நிறுவனத்தின் கையில் வருடக்கணக்கான தரவு சேர்ந்திருக்கும். மக்களின் கையில் எதிர்ப்பு மட்டும் இருக்கும்.

எதிர்ப்பு தேவைதான். 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்களையும், யுத்தத்துக்குப் பின் திரும்பியவர்களையும் இன்னொருமுறை கிளப்ப முடியாது. அதோடு சேர்த்துச் செய்யக்கூடிய, பணம் அதிகம் வேண்டாத ஒரு வேலையும் உண்டு. ஒவ்வொரு கிராமத்திலும் பத்துக் கிணறுகளைத் தெரிவுசெய்து மாதம் ஒருமுறை நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் அளந்து, திகதியிட்டு, கிராம அலுவலரின் கையொப்பத்துடன் பதிந்து வைக்கலாம். மாரியிலும் கோடையிலும் அளந்தால்தான் வறட்சியின் பங்கு பிரிந்து தெரியும். தோட்டங்களில் கிணறு இல்லையென்றால் பீலியின் கீழ் ஒரு வாளியை வைத்து, நிரம்ப எத்தனை விநாடி எடுக்கிறது என்று எழுதினாலே போதும். உமா ஓயாச் சுரங்கம் தொடங்குவதற்கு முன் அப்படி எழுதிய கொப்பி ஒன்று இருந்திருந்தால், விரிசல் விட்ட சுவரைக் காட்டி வாதாட வேண்டியிருந்திருக்காது.