விருப்பத்தைக் கேட்கும் அன்பு

பெப்ரவரித் திங்கள் 8-ஆம் நாள் புனித ஜோசப்பின் பக்கீத்தாவின் திருநாள். மனித வணிகம் ஒழிய வேண்டிச் செபிக்கும் நாளாகவும் 2015 முதல் திருச்சபை அதனைக் கடைப்பிடித்து வருகிறது. ஆனால் செபத்தோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. மீட்கப்பட்டு வருவோரைப் பேணத் தெரிந்தவர்களும் நம்மிடையே வேண்டும். அதற்கு இரக்கம் மட்டும் போதுமா? போதாது, பயிற்சியும் தேவை. ஏனென்பதைப் பக்கீத்தாவின் வாழ்வே நமக்குக் கற்பிக்கிறது.

சூடான் நாட்டின் டார்பூர்ப் பகுதியில் 1869-ஆம் ஆண்டளவில் பிறந்த இவர், சிறுமியாயிருந்தபோதே கடத்தப்பட்டார்; பன்முறை விற்கப்பட்டார். அச்சத்தின் மிகுதியால், பெற்றோர் இட்ட பெயரையே மறந்தார். 'நற்பேறு பெற்றவள்' எனப் பொருள்படும் பக்கீத்தா என்னும் பெயர், அவரைக் கடத்தியவர்கள் சூட்டியதே! 1885-இல் இத்தாலிக்குக் கொண்டு செல்லப்பட்ட அவர், பின்னர் வெனிஸ் நகரில் கனோசா சபைக் கன்னியரிடம் தங்கி மறைக்கல்வி பயின்றார். எசமானி திரும்ப அழைத்தபோது, வர மறுத்தார். வழக்கு மன்றம் 1889 நவம்பர் 29-ஆம் நாள் அவர் சுதந்திரமானவர் எனத் தீர்ப்பளித்தது. கன்னியர் துணை நின்றனர். ஆனால் மறுத்துரைத்த சொல் அவருடையது. 2000-ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

மனித வணிகர் உழைப்பையும் உடலையும் மட்டுமல்ல, 'வேண்டும்', 'வேண்டா' எனச் சொல்லும் உரிமையையும் பறிக்கின்றனர். அவ்வுரிமையைத் திருப்பித் தருவதே பேணுவோர் கற்க வேண்டிய முதற்பாடம். எதை உண்பது, எப்போது உறங்குவது, கதவைத் திறந்து வைப்பதா மூடுவதா என்பன போன்ற சிறு முடிவுகளையும் அவர்களிடமே விடவேண்டும். தலையை வருடுமுன்னும் இசைவு கேட்கவேண்டும். "உன் நன்மைக்காகத்தான்" என்று எல்லாவற்றையும் நாமே தீர்மானித்தால், நம் வீடும் அவர்களுக்கு மற்றொரு சிறையே.

"ஏன் போனாய்? ஓடி வந்திருக்கலாகாதா?" என்னும் கேள்விகள் ஆறுதலல்ல, குற்றச்சாட்டு. கடனும் மிரட்டலும், ஊரிலுள்ள தம்பி தங்கையருக்குத் தீங்கு நேருமென்ற அச்சமும் விலங்கின்றியே ஒருவரைக் கட்டிப்போடும். பாதிக்கப்பட்டவர் இசைந்தார் என்பது இக்குற்றத்திற்கு விலக்காகாது என நம் நாட்டுச் சட்டமும் கூறுகிறது. நடந்ததை முன்பின்னாகச் சொன்னால் அது பொய்யென்று எண்ணலாகாது. துன்பம் நினைவையும் சிதைக்கும். திடுக்கிடுவதும் சினப்பதும் வாய்பேசாதிருப்பதும் காயத்தின் அடையாளங்களே. கதையைத் தோண்டவேண்டா, அவர்களே பேசும்போது பொறுமையுடன் செவிமடுப்போம். படம் எடுப்பதும், பங்கில் பேசித் திரிவதும் அறவே கூடாது.

அதேவேளை, காக்க இயலாத வாக்குறுதியையும் தரலாகாது. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நேர்ந்திருப்பின் அதனை உரியவர்களுக்கு அறிவிப்பது சட்டக் கடமை. 1098 என்ற எண்ணில் உதவி கிடைக்கும். இதனை முன்னரே கனிவுடன் சொல்லிவிடவேண்டும். நம் ஆற்றலுக்கு மேற்பட்டதை மருத்துவரிடமும் மனநல ஆலோசகரிடமும் வழக்கறிஞரிடமும் ஒப்படைப்பது தோல்வியன்று, அதுவே பொறுப்பு. பிறர் துயரை நாளும் கேட்பவரின் உள்ளமும் புண்படும். ஆதலின் பேணுவோருக்கும் ஓய்வும், மனம்விட்டுப் பேச அனுபவமிக்க ஒருவரும் வேண்டும்.

2009-இல் துறவற சபையினர் தொடங்கிய 'தலித்தா கூம்' என்னும் உலக இணைப்பு இத்துறையில் உழைத்து வருகிறது. சிறுமியை உயிர்ப்பித்தபோது ஆண்டவர் உரைத்த சொல்லே அதன் பெயர். நம் பங்கின் மாதா சபையும் வின்சென்ட் தே பவுல் சபையும் இளைஞரும் ஒருநாள் கூடி, தேர்ந்தோரிடம் இப்பயிற்சி பெறலாகாதா?

எரிக்கோவின் வழியோரத்தில் கூவியழைத்தவர் பார்வையற்றவர் என்பதை ஆண்டவர் அறிவார். அறிந்தும், அவர் விரும்புவது யாதெனக் கேட்ட பின்னரே குணமளித்தார். அவ்வாறு கேட்க நாமும் பழகுவோம்.