ஏட்டுக் கம்ப்யூட்டர் உதவாது

கல்லூரி மாணவர் ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. எதைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல்.

கர்நாடகத்தில் 2021-ல் தேசியக் கல்விக் கொள்கை நடைமுறைக்கு வந்தபோது, பி.ஏ., பி.காம். மாணவர்களுக்கும் 'டிஜிட்டல் ஃபுளூயன்சி' என்ற பாடம் வைத்தார்கள். நோக்கம் பாராட்டத்தக்கது. பாடத்திட்டத்தில் இருந்தவையோ செயற்கை நுண்ணறிவு, பிக் டேட்டா, கிளவுட் என்ற பெரிய பெயர்கள். பெயர்களை மனப்பாடம் செய்தே தேர்வு எழுதிவிடலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

ரயில்வேயில் ஜூனியர் கிளார்க்-டைப்பிஸ்ட் வேலைக்கு விண்ணப்பம் இணையத்தில், தேர்வு கம்ப்யூட்டரில். அதன்பின் நிமிடத்துக்கு ஆங்கிலத்தில் 30 சொற்கள் அல்லது இந்தியில் 25 சொற்கள் டைப் அடித்துக் காட்ட வேண்டும். பிழை திருத்தித் தரும் வசதி கிடையாது. அங்கே மனப்பாடம் கைகொடுக்காது.

வசதியுள்ள வீட்டில் லேப்டாப் இருக்கிறது. ஸ்ரீராமபுரத்தில் ஒற்றை அறையில் குடியிருக்கும் கட்டடத் தொழிலாளியின் மகளிடம் இருப்பது செல்போன் மட்டுமே. அதில் பணம் அனுப்பலாம், படம் பார்க்கலாம். பத்து விரலும் பழகாது. அவளுக்குக் கல்லூரி லேப்தான் கதி. அங்கும் ஒரு மெஷினுக்கு நாலு பேர் என்றால், மூன்று பேர் வேடிக்கை பார்ப்பவர்களே.

1980-களின் நடுவில் டெல்லியில் ரயில் முன்பதிவு கம்ப்யூட்டருக்கு மாறியது. பேனாவும் லெட்ஜருமாக இருந்த குமாஸ்தாக்கள் பயிற்சி பெற்று அதை இயக்கினார்கள். கை பழகியது, வேலை நடந்தது.

2024 மே மாதம் மாநில அரசு நான்காண்டுப் பட்டப்படிப்பைக் கைவிட்டு, மூன்றாண்டு முறைக்குத் திரும்பியது. கொள்கை மாறலாம், பாடத்தின் பெயரும் மாறலாம். தேவை மாறவில்லை. ஒவ்வொரு மாணவரும் வாரம் இரண்டு மணி நேரமாவது தனியாக ஒரு மெஷின் முன் உட்கார வேண்டும். ஒரு விண்ணப்பம் அடிப்பது, ஒரு சம்பளப் பட்டியல் போடுவது, அதை மெயிலில் இணைத்து அனுப்புவது, மோசடி லிங்க்கை இனம் காண்பது: இவற்றைச் செய்து காட்டினால்தான் தேர்ச்சி என்று விதி வேண்டும். பகுதி நேர வேலைக்குப் போகும் மாணவர்களுக்காக லேப் மாலையிலும் திறந்திருக்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் ஆவன செய்யுமா?

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அட்மிஷனுக்குப் போகும்போது பீஸ் எவ்வளவு என்று கேட்கிறோம். லேபில் மெஷின் எத்தனை, நம் பிள்ளைக்கு வாரம் எத்தனை மணி என்றும் கேட்போம். கேட்பது நம் உரிமை.