ட்ரூமன் கையில் சிக்கிய பேப்பர்

பத்திரிகையில் தலைப்பு தப்பாகிவிட்டால், 'அவசரத்தில் நடந்துவிட்டது' என்று சமாதானம் சொல்வார்கள். இரவு ஷிஃப்டிலேயே தலை நரைத்த உதவி ஆசிரியன் சொல்கிறேன்: அவசரம் அப்பாவி. அவசரத்தில் எழுத்துப்பிழை வரும், படம் மாறும், அமைச்சரின் இனிஷியல் விட்டுப்போகும். எட்டுப் பத்திக்குக் கொட்டை எழுத்தில் ஒரு பொய் ஏற வேண்டுமென்றால் அதற்கு அவசரம் மட்டும் போதாது. 'எனக்குத் தெரியாததா?' என்ற திடம் வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு அந்தத் திடம் ஏராளமாக இருந்தது. 1948 நவம்பர் 2 அன்று அதிபர் தேர்தல். பதவியில் இருந்த ட்ரூமனை எதிர்த்து நின்றவர் தாமஸ் டியூயி. ட்ரூமன் மண்ணைக் கவ்வுவார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 'நியூஸ்வீக்' இதழ் 50 அரசியல் நிருபர்களிடம் கேட்டது. ஐம்பது பேரும் டியூயி என்றார்கள். (ஐம்பது நிருபர்கள் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனார்கள் என்றால் அதுவே முதல் பக்கச் செய்தி.) கருத்துக்கணிப்பாளர் எல்மோ ரோப்பர், இனி மக்களைக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று செப்டம்பரிலேயே கடையைக் கட்டிவிட்டார்.

'உலகின் மகத்தான நாளிதழ்' என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்டிருந்த சிகாகோ ட்ரிப்யூனில் அப்போது அச்சுக்கோப்பவர்கள் வேலைநிறுத்தம். செய்தியைத் தட்டச்சு செய்து, அதைப் படம்பிடித்து, பிளாக் எடுத்துத்தான் அச்சடித்தார்கள். அதனால் முதல் பதிப்பு, நம்மூர் டாக் எடிஷன் போல, பல மணி நேரம் முன்னதாகவே அச்சுக்குப் போயாக வேண்டும். கிழக்குக் கரை மாநிலங்களின் வாக்கு விவரமே சரியாக வந்து சேராத நேரம். 'முன்னிலை' என்று போட்டிருக்கலாம். 'வெற்றிமுகம்' என்று போட்டிருக்கலாம். ஒன்றுமே தோன்றாவிட்டால் கடைசியில் ஒரு கேள்விக்குறியாவது இழுத்துவிட்டிருக்கலாம். எத்தனையோ பேரின் உத்தியோகத்தைக் காப்பாற்றிய புண்ணியவான் அது. ஆனால் வாஷிங்டன் நிருபர் ஆர்தர் சியர்ஸ் ஹென்னிங், அதற்கு முந்தைய ஐந்து அதிபர் தேர்தல்களில் நான்கைச் சரியாகச் சொன்னவர். அவர் டியூயி என்றார். முதலாளி மக்கார்மிக்குக்கோ ட்ரூமனைக் கண்டாலே ஆகாது. 'டியூயி ட்ரூமனைத் தோற்கடித்தார்' என்று தலைப்பு ஏறிவிட்டது.

ராத்திரி ஏற ஏற ட்ரூமனுக்கு வாக்குகள் வந்துகொண்டே இருந்தன. அடுத்த பதிப்பில் ட்ரிப்யூன் என்ன செய்தது தெரியுமா? அதிபரைச் சத்தமில்லாமல் இறக்கிவிட்டு, மாநிலப் பதவிகளை ஜனநாயகக் கட்சி அள்ளியதைத் தலைப்பாகத் தூக்கிப் போட்டது. இந்த வித்தை எங்கள் டெஸ்க்குக்கும் தெரியும். ஹென்னிங் அப்போதும் டியூயிதான் என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். அதற்குள் சுமார் ஒன்றரை லட்சம் பிரதிகள் அச்சாகியிருந்தன. இரண்டு நாள் கழித்து செயின்ட் லூயிஸ் ரயில் நிலையத்தில், கடைசிப் பெட்டியின் வாசலில் நின்றபடி ட்ரூமன் அதில் ஒன்றை இரு கையாலும் தூக்கிப் பிடித்தார். அவருக்கு 303 தேர்வாளர் வாக்குகள், டியூயிக்கு 189. அப்போது எடுத்த படத்தில் தெரியும் பல்வரிசையைப் பாருங்கள். அப்படிச் சிரிக்க எந்தப் புகைப்படக்காரரும் சொல்லித்தர முடியாது.

அந்த முதல் பக்கத்தையே ஒரு பட்டயமாகச் செய்து, 25-ஆம் ஆண்டில் ட்ரூமனுக்குப் பரிசளிக்க ட்ரிப்யூன் திட்டமிட்டது. அதற்குள், 1972 டிசம்பரில், அவர் காலமாகிவிட்டார். இந்தப் பெருந்தன்மைக்காக அவர்களைப் பாதி மன்னித்துவிட்டேன். வாக்கு எண்ணத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் ஆட்சி அமைத்துவிட்டு, மதியம் ஆளையே மாற்றிவிட்டு, அடுத்த தேர்தலில் அதே கோட்டோடு வந்து உட்காரும் நம் டிவி நண்பர்கள் யாருக்காவது பட்டயம் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அமெரிக்காவின் ரோஸ்வெல் என்ற ஊரின் கதை வேறு மாதிரி. 1947 ஜூலை 8 அன்று, பண்ணையில் பறக்கும் தட்டு பிடிபட்டது என்று அந்த ஊர்ப் பத்திரிகை போட்டது. அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை; அறிக்கை கொடுத்ததே விமானப்படைத் தளம்தான். அது வெறும் பலூன் என்று மறுநாள் மறுப்பும் வந்தது. சோவியத் அணுகுண்டுச் சோதனையை ஒட்டுக்கேட்க விட்ட ரகசிய பலூன் என்று 1994-இல்தான் ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒருநாள் தலைப்பை வைத்து அங்கே அருங்காட்சியகம், ஆண்டுத் திருவிழா எல்லாம் நடக்கின்றன. மறுப்பை வைத்து யாரும் ஒரு பெட்டிக்கடைகூடப் போடவில்லை.

எனக்குப் பிடித்தது 1954 ஏப்ரலில் சியாட்டிலில் நடந்ததுதான். கார்களின் முன்கண்ணாடியில் மர்மப் புள்ளிகள் என்று பத்திரிகைகள் எழுதின. அவ்வளவுதான், ஊரே இறங்கித் தன் காரைக் குனிந்து பார்த்தது. ஏறக்குறைய 3,000 கண்ணாடிகளில் புள்ளி என்று புகார். மார்ச் மாதம் பிகினித் தீவில் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் என்றார்கள், கடற்படையின் புது ரேடியோ அலை என்றார்கள், மணல்பூச்சியின் முட்டை என்றார்கள். மேயர் அதிபர் ஐசனோவருக்கே தகவல் அனுப்பிவிட்டார். கடைசியில் பார்த்தால், பழைய கார்களில் புள்ளி அதிகம், புதுக் கார்களில் இல்லை. அத்தனை நாளும் கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்தவர்கள் முதல்முறையாகக் கண்ணாடியைப் பார்த்திருக்கிறார்கள். 'ரோட்டில் ஓடிய காரில் கல் பட்டுப் புள்ளி' என்பதே சரியான தலைப்பு. என்னிடம் வந்திருந்தால் ஏழாம் பக்கம், ஒற்றைப் பத்தி, அதுவும் விளம்பரம் எதுவும் வராமல் இருந்தால்.