பெயர் மாற்றமும் பொறுப்பும்

ஸ்தாபனங்களுக்குப் பெயரிடுவோர் தலைவர்களே என்பது பொதுவான எண்ணம். ஜனங்களின் நாவும் பெயரிடுகிறது என்பதை நாம் மறக்கலாகாது.

1916-ம் வருஷம் சென்னையில் தோன்றிய தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தை அப் பெயரால் அழைத்தோர் சிலரே. 1917-ல் அச் சங்கத்தின் சார்பில் 'ஜஸ்டிஸ்' என்னும் ஆங்கிலத் தினசரி வெளிவந்தது. பத்திரிகையின் பெயரே கட்சிக்கும் ஆயிற்று. தமிழில் 'நீதிக் கட்சி' என நிலைத்தது.

ஃபேர்லேண்ட்ஸ் பகுதி இன்றும் ஆங்கிலப் பெயரையே தாங்கி நிற்கும் சேலம் நகரில்தான், ஆங்கிலப் பத்திரிகையால் பெயர் பெற்ற அக் கட்சி 1944 ஆகஸ்டு 27-ல் 'திராவிடர் கழகம்' ஆயிற்று. பெரியார் தலைமையில் கூடிய அம் மகாநாட்டில் மற்றொன்றும் நிகழ்ந்தது. பிரிட்டிஷ் சர்க்கார் அளித்த பட்டங்களை அங்கத்தினர் துறக்க வேண்டுமென்று அண்ணாதுரையின் தீர்மானம் வற்புறுத்தியது. புதுப் பெயர் வேண்டுவோர் பழைய சுகங்களை விடவேண்டும் என்பதே இதன் பொருள். இம் மாறுதலுக்கு இசையாத பி. டி. ராஜன் முதலியோர் பழைய பெயரிலேயே 1952 தேர்தலிலும் நின்றனர்.

1949-ல் பிரிந்தோர் 'திராவிட முன்னேற்றக் கழகம்' எனப் பெயரிட்டனர். 'திராவிடர்' என்பதில் ஈற்றெழுத்து ஒன்று மறைந்தது. மக்களைச் சுட்டிய சொல் நாட்டைச் சுட்டலாயிற்று.

பெயரை மாற்ற ஒரு தீர்மானம் போதும். அப் பெயருக்கு உரியவராக நடப்பதற்குத் தியாகம் வேண்டும். இன்று புதுப்புதுப் பெயர்களுடன் வாசலுக்கு வருவோரிடம், "இப் பெயருக்காக எதைத் துறந்தீர்கள்?" என்று வினவுவது வாக்காளரின் கடமையாகும்.