கூத்தும் நமது, கணக்கும் நமது



1940ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் திகதி, ஹேவாஹெட்ட முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டுப் போராடியவர்கள்மீது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் உயிர் நீத்தார். நம் மலையகத்துத் தோட்டம்தான் அது. ஆனாலும் நம் பாடசாலைப் பிள்ளைகளிடம் கோவிந்தன் யார் என்று கேட்டால் முழிக்கிறார்கள். குற்றம் பிள்ளைகளுடையது அல்ல. சொல்லாமல் விட்ட நம்முடையது.

அந்தக் காலத்தில் பாட்டாகச் சொன்னார்கள். 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்த கோ. நடேசய்யரின் கூட்டங்களில் அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் பாடுவார். எழுத்தறியாத தாய்மாருக்கும் உரிமை என்றால் என்ன என்று அந்தப் பாட்டு விளங்க வைத்தது. சி.வி. வேலுப்பிள்ளையும் சங்க வேலையோடு வேலையாக, லயங்களில் பாடிய பாட்டுகளைத் தேடித் தொகுத்து வைத்தார்.

நம் காலத்திலும் இந்த வேலை நடக்கிறது. கம்பளை, பழைய பீக்கொக் தோட்டத்தில் கண்டி சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் லயத்தையே அருங்காட்சியகமாக்கியது. 2023இல் மலையகம் 200ஐ ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள், முன்னோர் வந்த வழியை நாட்டுக்கே நினைவூட்டினார்கள்.

‘கூத்துப் போட்டால் சம்பளம் கூடுமா?’ என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. சம்பளம் ஒற்றுமையால்தான் கூடும். ஆனால் கூட்டத்துக்கு வராதவரும் தப்புச் சத்தம் கேட்டால் வருவார். வந்தவரிடம்தான் பேச முடியும்.

இன்னொன்றும் உண்டு. கூடை சுமக்கும் அக்காவின் படம் தேயிலைப் பெட்டியிலும் இருக்கிறது, உதவி கேட்கும் துண்டுப் பத்திரத்திலும் இருக்கிறது. அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. வந்த பணம் எவ்வளவு என்றும் அக்காவுக்குத் தெரியாது. நம் கஷ்டத்தை நாமே சொன்னால், எதைச் சொல்வது, எதை விடுவது என்பதும் நம் கையில் இருக்கும்.

ஆகவே வரும் ஜனவரி 10ஆம் திகதிக்கு ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் அரைமணி நேர நாடகம் ஒன்றைத் தயாரிக்கும்படி கேட்கிறோம். காமன் கூத்து ஆடும் அண்ணன்மார் இருக்கிறார்கள், தப்பு இருக்கிறது, பாட்டுத் தெரிந்த பாட்டிமார் இருக்கிறார்கள். வசனம் எழுத ஆசிரியர்கள் நாங்கள் உதவுகிறோம்.

முடிவில் உண்டியல் வைப்போம். அந்தக் காசு ஒரே காரியத்துக்கு. சேமலாப நிதிக்காகவோ தொழில் நியாய சபை வழக்குக்காகவோ கண்டிக்குப் போகிறவருக்கு அன்றைய பேர் போய்விடுகிறது. பஸ் காசும் கைக்காசு. இரண்டு தவணை போனபின், ‘போதும் சார்’ என்று வழக்கையே கைவிட்டவர்களை நாம் அறிவோம். அவர்களுக்குப் பேர்க் காசும் பஸ் காசும் இந்த நிதியிலிருந்து கொடுக்கலாம்.

மூன்று நிபந்தனைகள். உயிரோடு இருப்பவரின் கதையை அவர் சம்மதம் இல்லாமல் மேடையேற்றக் கூடாது. உண்டியலை எல்லார் முன்னும் திறந்து, அங்கேயே எண்ணி, பற்றுச்சீட்டு எழுத வேண்டும். பணப் பொறுப்பாளர் மூவரில் இருவர் பெண்களாக இருக்க வேண்டும். வரவுசெலவை மாதம் ஒரு முறை கோயில் வாசலில் வாசிப்போம். சந்தாவுக்குக் கணக்குக் கேட்கும் நாம், இதற்கும் கேட்கத்தான் வேண்டும்.

தீர்மானித்த கமிட்டிகள் உங்கள் மாவட்டப் பிரதிநிதியிடம் பெயர் கொடுங்கள். அடுத்த முறை கோவிந்தன் யார் என்று கேட்டால், நம் பிள்ளைகள் பாடிக் காட்டட்டும்.