தகுதி கேட்காத விசா

பதுளையிலோ பண்டாரவளையிலோ பசறையிலோ பஸ்ஸை விட்டு இறங்கினால், வெளிநாட்டு வேலை விளம்பரம் ஒன்றாவது கண்ணில் படாமல் வீடு வந்து சேர முடிவதில்லை. சுவரில் பார்க்கத் தவறினால் வாட்ஸ்அப்பில் வந்து நிற்கிறது. ‘அனுபவம் தேவையில்லை, படிப்பு தேவையில்லை, உடனடி விசா’ என்பதுதான் அதில் பெரிய எழுத்து. எமது ஆட்கள் இதைச் சலுகையாக வாசிக்கிறார்கள். இதை ஓர் எச்சரிக்கையாக வாசியுங்கள் என்று கேட்பதற்காகவே இந்த மாதம் இதைப்பற்றி எழுதுகிறோம்.

போகாதீர்கள் என்று சொல்ல இந்தச் சங்கத்துக்கு வாய் இல்லை. 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவாகியது. 2026 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ரூபாவும் வருகைக்காக 200 ரூபாவும் என்று அறிவிக்கப்பட்டது. இவை ஒரு நாளைக்குரிய கணக்கு. மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுக்கப்படுகிறது, கொழுந்து குறைந்த நாளில் எத்தனை அரைப்பேர் விழுகிறது, கடையில் எவ்வளவு கழிகிறது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஆகவே போகிறவரை நாம் குறை சொல்லவில்லை. எந்த வழியால் போகிறார் என்பதே எமது கேள்வி.

வெளிநாடு என்றதும் எமது வீடுகளில் முதலில் கேட்கப்படுவது ‘சம்பளம் எவ்வளவு?’ என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: என்ன விசா, அதைப் பெற என்னிடம் என்ன தகுதி கேட்கிறார்கள்? ஒரு நாடு மொழி கேட்கிறது, தொழில் சான்றிதழ் கேட்கிறது, வயது கேட்கிறது, பரீட்சை வைக்கிறது என்றால், அங்கே போகிறவர் யார், எதற்காக வருகிறார் என்பது இரண்டு அரசாங்கங்களின் பதிவிலும் இருக்கும். ஒன்றுமே கேட்காத விசாவில் போகிறவர் எங்கே இருக்கிறார் என்பது, பல வேளைகளில், அனுப்பியவனுக்கு மட்டும்தான் தெரியும்.

கொரியாவை எடுத்துக்கொள்வோம். 2004 இல் இலங்கைக்கும் தென் கொரியாவுக்கும் இடையில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, ஈ-9 எனப்படும் விசாவில் தொழிற்சாலை, கட்டுமானம், மீன்பிடி, விவசாய வேலைகளுக்கு ஆட்கள் எடுக்கப்படுகிறார்கள். வயது 18 முதல் 39 வரை. குற்றப் பதிவு இருக்கக்கூடாது, நிறக்குருடு இருக்கக்கூடாது. ஆளைப் பிரித்தெடுக்கும் பெரிய வடிகட்டி சாதாரண தரப் பெறுபேறு அல்ல, கொரிய மொழிப் பரீட்சை. வாசித்து விளங்க வேண்டும், கேட்டு விளங்க வேண்டும். இதில் சித்தியடைந்தவுடன் விமானம் ஏறலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படியல்ல. சித்தியடைந்தவரின் பெயர் வேலை தேடுவோர் பட்டியலில் இரண்டு வருடம் இருக்கும். கொரிய முதலாளி ஒருவர் அதிலிருந்து தெரிவு செய்தால்தான் ஒப்பந்தம் வரும். அதன் பிறகே விசா. முதலில் மூன்று வருடம், நீடிப்புடன் சேர்த்து நான்கு வருடமும் பத்து மாதமும் வேலை செய்யலாம். இந்த வழி முழுவதும் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் ஊடாகவே நடக்கிறது. இதில் தனியார் முகவருக்கு இடமே இல்லை. கொரியாவில் தனக்கு ஆள் இருப்பதாகச் சொல்லி ஒருவர் இலட்சக்கணக்கில் காசு கேட்டால், அவருக்கு அங்கே யாரும் இல்லை என்பது நிச்சயம்.

மடூல்சீமையில் இருக்கும் ஒரு பையனுக்கு இது எட்டுமா? எட்டும். கொரிய மொழியில் எமது மொழியைப்போலவே வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. அப்பாவை அங்கும் அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். தமிழ்ப் பிள்ளைக்கு அது படிக்க முடியாத மொழியே அல்ல. தடை வேறு இடத்தில் இருக்கிறது. வகுப்புகளில் பெரும்பாலானவை நகரங்களில், சிங்களத்தில் நடக்கின்றன. மூன்றாவது மொழியை இரண்டாவது மொழி வழியாகப் படிக்க வேண்டியவனாக எமது பையன் இருக்கிறான். அதற்கும் மேல், தோட்டத்திலிருந்து வகுப்புக்குப் போய் வர அவனுக்கு ஒரு நாள் சம்பளம் போகிறது.

ஜப்பானின் வழியும் ஏறத்தாழ இப்படித்தான். ‘குறித்துரைக்கப்பட்ட திறன்’ விசா 2019 ஏப்ரலில் தொடங்கியது. அதே வருடம் ஜூனில் இலங்கை அதற்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஜப்பானிய மொழியில் என்-4 மட்டமோ அதற்கு ஈடான பரீட்சையோ சித்தியடைந்திருக்க வேண்டும், தெரிவு செய்யும் துறையில் திறன் பரீட்சையும் எழுத வேண்டும். முதியோர் பராமரிப்பு, விவசாயம், உணவகம், கட்டடத் துப்புரவு முதலியவை அந்தத் துறைகளில் அடங்கும். பராமரிப்பு வேலைக்கு அதற்கேயுரிய மொழிப் பரீட்சை ஒன்று மேலதிகமாக உண்டு. முதல் கட்டத்தில் ஐந்து வருடம்வரை இருக்கலாம், குடும்பத்தைக் கூட்டிச் செல்ல முடியாது. உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் எமது பெண் பிள்ளைகளுக்கு, கொழும்புத் துணிக்கடையைவிட இது நல்ல வழி என்பது எமது அபிப்பிராயம்.

இஸ்ரேலுக்கு வீட்டுப் பராமரிப்பாளர்கள் முன்பிருந்தே போகிறார்கள். 2023 நவம்பரில் விவசாய வேலைக்கு 10,000 பேர் வரை அனுப்ப உடன்படிக்கை கைச்சாத்தானது. சம்பளம் பெரிது. அதற்கு முந்திய மாதம், ஒக்டோபர் 7 ஆம் திகதித் தாக்குதலில், அங்கே பராமரிப்பு வேலையில் இருந்த இலங்கையர் இருவர் உயிரிழந்தார்கள். இரண்டையும் வீட்டார் முன்னால் வைத்துப் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

இனி, எமது பெண்கள் அதிகமாகப் போகும் வழி: சவூதி, குவைத், கட்டார், ஓமான் நாடுகளில் வீட்டு வேலை. இதற்கும் தகுதி உண்டு. எம்மில் பலருக்கு அது தகுதியாகத் தெரிவதில்லை. பணியகத்தின் பயிற்சியைத் தங்கியிருந்து முடிக்க வேண்டும், தேசியத் தொழிற்றகைமையில் மூன்றாம் மட்டம் வேண்டும், மருத்துவச் சான்று வேண்டும், வயது வேண்டும். மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கை மறந்திருக்க மாட்டீர்கள். பதினேழு வயதில், கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி, 2005 இல் சவூதிக்கு அனுப்பப்பட்டவர். 2013 ஜனவரி 9 ஆம் திகதி அங்கே அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. வயதைக் கூட்டி எழுதிக் கொடுத்தவர்கள் அந்தப் பிள்ளைக்கு உதவி செய்வதாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

அதே 2013 இல் குடும்பப் பின்னணி அறிக்கை கொண்டுவரப்பட்டது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வீட்டு வேலைக்குப் போக முடியாது என்றானது. நல்ல நோக்கம்தான். ஆனால் அடுப்பில் உலை இல்லாத தாய் அதனால் வீட்டில் இருந்துவிடவில்லை. சுற்றுலா விசாவில் போனாள். 2022 பொருளாதார நெருக்கடியில் இந்தக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டு, வீட்டு வேலைக்கான குறைந்த வயது எல்லா நாடுகளுக்கும் 21 என்றாக்கப்பட்டது. அதே வருடம் நவம்பரில் ஓமான் விவகாரம் வெளிவந்தது. சுற்றுலா விசாவில் கொண்டு செல்லப்பட்ட இலங்கைப் பெண்கள் வீடு வீடாகக் கைமாற்றப்பட்டு, கடைசியில் தூதரகத்தின் பாதுகாப்பு இல்லத்தில் தஞ்சம் புகுந்திருந்தார்கள். 2024 இல், கணினி வேலை என்று தாய்லாந்துப் பக்கம் போன எமது நாட்டு இளைஞர்களை மியன்மாரின் இணைய மோசடி முகாம்களிலிருந்து மீட்க வேண்டி வந்தது. அதே வருடம், வேறு வேலை என்று நம்பி ரஷ்யாவுக்குப் போன முன்னாள் படையினர் போர்முனையில் நிறுத்தப்பட்டதையும் கேள்விப்பட்டோம். மூன்று கதையிலும் பணியகத்தின் பதிவு இல்லை. பதிவு இல்லாவிட்டால் காப்புறுதி இல்லை, ஒப்பந்தத்தின் பிரதி இல்லை, தூதரகத்தில் தேடிப் பார்க்கக் கோவையும் இல்லை.

காசு எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பதையும் கவனியுங்கள். ஐரோப்பாவுக்கு, உதாரணமாக ருமேனியாவுக்கு, போக நினைக்கும் ஆணிடம் காசு கேட்கிறார்கள். அங்கே முதலாளி முதலில் வேலை அனுமதிப் பத்திரம் எடுத்தால்தான் விசாவுக்கே விண்ணப்பிக்கலாம். அந்தப் பத்திரத்தைக் கண்ணால் காணுமுன்னே நகை அடகுக் கடைக்குப் போய்விடுகிறது. கிராமத்தவர் காணி உறுதியை வைத்து வங்கியில் கடன் எடுப்பார். லயக் காம்பிராவுக்கு உறுதி ஏது? எமக்கு நகையும் மீட்டர் வட்டியும்தான். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கோ முகவரே கையில் காசு கொடுக்கிறார். இலட்சக் கணக்கில் கொடுக்கிறார். கடனைக் கட்டலாம், கூரை போடலாம் என்று வாங்கிக்கொள்கிறோம். அந்த வீட்டில் இருக்க முடியாமல் இரண்டு மாதத்தில் திரும்பிவர நினைத்தால், கொடுத்ததைத் திருப்பிக் கட்டு என்கிறார்கள்.

இந்தக் காசை எமது சமூகம் முன்னரே பார்த்திருக்கிறது. தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லிக் கங்காணி ஆள் கூட்டிய காலத்தில், முதலில் கொடுத்ததும் முற்பணம்தான். அந்தக் கடனைத் துண்டில் எழுதி வைத்தார்கள். துண்டை அடைக்காமல் ஒருவர் ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாதிருந்தது. 1921 இல் சட்டத்தினால் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. நூறு வருடத்துக்குப் பிறகு அதைத் திரும்பவும் கையெழுத்திட்டு வாங்காதீர்கள்.

முகவர் யாராக இருந்தாலும், அவருடைய அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேளுங்கள். அனுமதிப்பத்திரம் இருந்தால் மட்டும் போதாது, அந்தக் குறிப்பிட்ட வேலைக்கு ஆள் எடுக்கப் பணியகத்தின் அனுமதியும் இருக்க வேண்டும். 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சரிபார்க்கலாம். பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். அவரிடம் நேரிலும் கேட்கலாம். தோட்டத்துக்குள் வந்து ஆள் சேர்க்கும் உப முகவர் அநேகமாக எமக்குத் தெரிந்த முகமாகவே இருப்பார், சொந்தக்காரராகவும் இருக்கலாம். ‘மாமாதானே’ என்று பற்றுச்சீட்டு வாங்காமல் விடுவதால்தான் பிறகு பொலிஸில் காட்ட ஒன்றும் இருப்பதில்லை. கடவுச்சீட்டின் பிரதியையும் ஒப்பந்தத்தின் பிரதியையும் வீட்டில் ஒன்று, தலைவரிடம் ஒன்று வைத்துவிட்டுப் போங்கள்.

எந்த நாட்டுக்கானாலும் முதல் தகுதி ஆவணம். இதில்தான் எமது ஆட்கள் முதல் படியிலேயே தடுக்கி விழுகிறார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலையில் ஒரு பெயர், அடையாள அட்டையில் மூன்றாவது பெயர். தகப்பன் பெயர் சிங்களத்தில் எழுதப்பட்டுத் திரும்பத் தமிழுக்கு வரும்போது வேறொருவராகிவிடுகிறது. பிறப்பே பதியப்படாதவர்களும் இருக்கிறார்கள். 1948 இல் பறிக்கப்பட்ட பிரஜாவுரிமைக்காக 2003 வரை காத்திருந்த சமூகத்துக்கு, ஒரு கடதாசியின் பெறுமதியைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனாலும் முகவர் ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றதும் அந்தக் கடதாசியை அவர் கையில் கொடுத்துவிடுகிறோம். பெயர்த் திருத்தத்தைப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் நாமே செய்துகொள்ளலாம். மாதக் கணக்கில் இழுக்கும் என்பது உண்மை. அதனால்தான் பிள்ளை பதினைந்து பதினாறு வயதில் இருக்கும்போதே தொடங்கச் சொல்கிறோம்.

தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருப்பவர் போவதானால் இன்னொரு விடயம். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால் செக்ரோலில் பெயர் வெட்டப்படும். ஐந்து வருடம் வேலை செய்து முடித்தவருக்கு, தானாக விலகினாலும், 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி சேவைக்காலப் பணம் உண்டு. நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, பிரதியில் காரியாலய முத்திரை வாங்கிக்கொண்டு போனால் அந்தக் காசைக் கேட்பது எளிது. வீட்டில் வேறு யாருக்கும் தோட்டத்தில் பெயர் இல்லாவிட்டால், லயக் காம்பிராவை விடச் சொல்லும் நெருக்குதலும் வரலாம். புறப்படுமுன்பே தலைவரிடம் வந்து பேசுங்கள்.

இனி அரசாங்கத்திடம். 2024 இல் வெளிநாட்டிலிருந்து தொழிலாளர் அனுப்பிய பணம் ஏறத்தாழ 657 கோடி டொலர். தேயிலை ஏற்றுமதி தந்தது 140 கோடி டொலரளவில். இரண்டிலும் எமது கை இருக்கிறது. ஆகவே கேட்கிறோம்: கொரிய, ஜப்பானிய மொழி வகுப்புகள் பதுளையிலும் பண்டாரவளையிலும் பசறையிலும் தமிழ்மூலம் நடத்தப்பட வேண்டும். வீட்டு வேலைப் பயிற்சி தமிழில் வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்திடும் மொழியில் தமிழ் இருக்க வேண்டும். தொழிற்சாலையில் இயந்திரம் பார்க்கிறவர், மேசன், வயரிங் வேலைக்காரர் என்று, கடதாசி இல்லாமல் தொழில் தெரிந்த நூற்றுக்கணக்கானோர் தோட்டங்களில் இருக்கிறார்கள். முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில், வகுப்புக்குப் போகாமலே சோதித்துப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. அந்தச் சோதனையை ஊவாத் தோட்டங்களுக்குக் கொண்டுவாருங்கள்.

தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் பிரிவுத் தலைவிகளும் இரண்டு பட்டியல் தயாரிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழோ அடையாள அட்டையோ திருத்த வேண்டியவர்கள் ஒன்றில். இப்போது வெளிநாட்டில் இருந்து, மூன்று மாதத்துக்கு மேலாக வீட்டாருடன் பேசாதிருப்பவர்கள் மற்றதில். இரண்டாவது பட்டியலில் ஒரு பெயர் இருந்தாலும், மாதக் கூட்டம்வரை காத்திராமல் உடனே மாவட்டக் காரியாலயத்துக்குக் கொண்டுவரவும்.